பத்தேகால் பஸ்ஸை மறைத்த என் புரோகிராம்

நம்ம ஊர்ப் பக்கம் அடுத்த பஸ் எப்போது என்று சொல்லும் இலவச ஆப் ஒன்றை முகம் தெரியாத சிலர் சேர்ந்து எழுதுகிறார்கள். அதற்கு நானும் ஒரு பகுதி எழுதி அனுப்பியிருந்தேன்.

இன்று குன்னத்தில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் அவர்களில் ஒருவரிடமிருந்து பதில் வந்தது.

"எந்தெந்த நேரம் போட்டுச் சோதிச்சீங்க? டெஸ்ட் எழுதாம சேர்க்க முடியாதுங்க."

டெஸ்ட் என்றால், எழுதிய புரோகிராம் சரியான பதில் தருகிறதா என்று சோதிக்கும் இன்னொரு குட்டிப் புரோகிராம். பக்கத்தில் இருந்த வகுப்புத் தோழி கயல்விழியிடம் காட்டினேன்.

"லேப்ல சார் குடுத்த இன்புட்டத்தான போடுவோம்? அவுட்புட் வந்தா மார்க்கு. இவரு என்னடி புதுசா டெஸ்ட்டு கேக்குறாரு?"

எனக்கும் அதே எரிச்சல்தான். ஏழு மணி, எட்டு மணி என்று போட்டுப் பார்த்துத்தான் அனுப்பினேன். தினமும் நாங்கள் காலேஜுக்குப் போகும் நேரம் அதுதானே.

வீம்புக்கு, ஒன்பது ஐம்பதுக்கு அடுத்த பஸ் எது என்று போனிலேயே என் புரோகிராமை ஓட்டிப் பார்த்தேன்.

"இன்று இனி பஸ் இல்லை" என்று வந்தது.

நேரத்தை எண்ணாக ஒப்பிடாமல் எழுத்தாக ஒப்பிட்டிருக்கிறேன். 10 என்பது ஒன்றில் தொடங்குவதால் ஒன்பதுக்கு முன்னால் போய் நின்றுவிட்டது.

இன்று பரீட்சை லேட்டாகத்தான். நாங்கள் ஏறியிருந்தது பத்தேகால் பஸ்.

"அப்ப நம்ம எதுலடி போயிட்டிருக்கோம்?" என்றாள் கயல்விழி.

பரீட்சை முடிந்ததும் லேப்பில் உட்கார்ந்தேன். முதலில் டெஸ்ட், பிறகுதான் திருத்தம். முதல் டெஸ்ட்டுக்குப் பெயர் 'பத்தேகால் பஸ்'. அது தேறிய பிறகுதான் சாப்பிடப் போனேன். இனி டெஸ்ட் இல்லாமல் என் கையிலிருந்து ஒரு வரியும் வெளியே போகாது.

உங்கள் ஊருக்கு ஏடாகூடமான நேரத்தில் வரும் பஸ் எது? கமெண்டில் போடுங்கள். டெஸ்ட் கேட்ட அவர் கேட்பதற்கு முன்னால், அந்த நேரத்தைப் போட்டு என் புரோகிராம் எங்கே உடைகிறது என்று நானே பார்க்கிறேன்.