தங்கையின் போமை நான் நிரப்பிய நாள்

என் தங்கை மாலைதீவிலிருந்து அனுப்பிய படங்களை நான் இன்னும் அழிக்கவில்லை. படகின் விளிம்பில், கறுப்பு ரப்பர் உடுப்பில், முதுகில் சிலிண்டரோடு, மாஸ்க்கை நெற்றியில் தூக்கி வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். அவள் கணவர் அங்கே ஒரு ஹோட்டலில் சுற்றுலாக்காரர்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போகும் வேலை செய்பவர். கலியாணமாகி ஐந்தாம் வருடம் அவளை ஒரு மாதம் கூப்பிட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு படத்துக்கும் 'மாஷா அல்லாஹ்' போட்டேன். போடும்போதெல்லாம் வயிறு எரிந்தது.

நான் நிந்தவூரில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பன்னிரண்டு வருடமாகக் கரும்பலகையில் முருகைக்கல், புத்தகத்தில் பவளப்பாறை என்பது, வரைந்து வருகிறேன். கலர் சோக்கில் பாதி அதற்கே தீரும். பேர்தான் கல், ஆனால் அது உயிர் என்று பிள்ளைகளுக்குச் சொல்லும்போது எனக்கே உடம்பு சிலிர்க்கும். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் வீடு. ஆனால் சுனாமிக்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் கடல் என்பது கரையில் நின்று பார்ப்பதற்கு மட்டும். என் கணவருக்குச் சாகாமத்தில் வயல். வாய்க்கால் தண்ணீரை விட ஆழமான எதிலும் அவருக்கு நம்பிக்கை கிடையாது. தங்கையோ விஞ்ஞானத்தில் இரண்டு தரம் கோட்டை விட்டவள். அவளுக்குப் போய் முருகைக்கல்! அவரவர்க்கு எழுதியது அவரவர்க்கு என்று வெளியே பெருந்தன்மையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உள்ளே ஒரு மண்ணும் இல்லை, பச்சைப் பொறாமைதான்.

அந்த வருடம் லீவில் வந்த மச்சான், தங்கையின் கணவர், பாசிக்குடாக் கடலுக்குப் போவோம் என்றார். தெரிந்த ஒருவர் அங்கே புதியவர்களையும் கையைப் பிடித்துக் கீழே கூட்டிப்போகிறாராம். "மதினியும் வரட்டும்" என்றார். தங்கை கூடவே இறங்குவாள் என்பதால்தான் என் கணவர் தலையாட்டினார். அவள் தயவில் போக வேண்டியிருக்கிறதே என்று அதற்கும் எரிந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தங்கைக்குச் சின்ன வயதிலிருந்தே முட்டு வருத்தம், ஆஸ்துமா. மாரி தொடங்கினால் நெஞ்சு விசிலடிக்கும். கலியாணம் பேசும் காலத்தில் உம்மா எங்களை உட்கார வைத்து, இது வீட்டுக்கு வெளியே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். கலியாணமாகாத குமருக்கு நோய் வருத்தம் என்று தெரிந்தால் பேசி வந்தவர்கள் அப்படியே திரும்பிப் போவார்கள். மாப்பிள்ளை வீட்டார் சீதனமாகக் கொடுக்கும் வீட்டின் அறைகளைச் சுற்றிப் பார்த்தார்கள், நெஞ்சை யாரும் கேட்கவில்லை. மச்சான் வருடத்தில் ஒரு மாதம் வருபவர். அந்த ஒரு மாதமும் அவள் மருந்து இழுக்கும் பம்ப் என் கைப்பையில்தான் இருக்கும். மூச்சு முட்டினால் ஏதாவது சாட்டுச் சொல்லிக்கொண்டு என் வீட்டுக்கு ஓடி வந்து இழுத்துவிட்டுப் போவாள். பாசிக்குடாவிலும் அது என் பைக்குள்தான் கிடந்தது.

இறங்குவதற்கு முன் நிரப்பித் தரச்சொல்லி ஆளுக்கொரு போம் தந்தார்கள். இங்கிலீஷில் நோய் வருத்தங்களின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். தங்கை தன்னுடையதையும் என் பக்கம் தள்ளினாள். "நீங்களே நிரப்புங்க ராத்தா, எனக்கு இது விளங்காது."

மச்சானும் அந்தப் பயிற்சியாளரும் சற்றுத் தள்ளிச் சிலிண்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆஸ்துமா என்ற இடத்தில் என் பேனை நின்றது.

"இல்லெண்டு போடுங்க," என்று காதுக்குள் சொன்னாள். "இப்ப நாலு மாசமா ஒண்டுமில்ல."

'வயிற்றுக்குச் சரியில்லை, நான் இறங்கவில்லை என்று சொல்லிவிடு' என்று அவளுக்கு மெதுவாகச் சொல்லியிருக்கலாம். ஒருவரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். அந்த வழி எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அவள் மாலைதீவிலிருந்து கொண்டுவந்த சொந்த மாஸ்க்கைப் போட்டு, போனில் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தந்தது யார் யாரோ போட்டுக் கீறல் விழுந்த மாஸ்க். நான் 'ஆம்' என்ற கட்டத்தில் சரி போட்டேன். போட்டதை அவளிடம் கொடுக்கவுமில்லை. எழுந்து போய் மச்சானின் கையில் கொடுத்தேன்.

அவர் படித்தார். "இதென்ன மதினி, இவக்கு முட்டா?"

"ஓம், சின்னதில இருந்தே," என்றேன்.

டாக்டரின் கடிதம் இல்லாமல் இறக்க முடியாது என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார். மச்சான் போமை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு, "நல்ல வேளை சொன்னீங்க. கீழ வந்திருந்தா மூச்சு நிண்டு மௌத்து" என்றார். தங்கை தன் மாஸ்க்கைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். நானும் வெட்கமில்லாமல் வாங்கிப் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

முருகைக்கல் என் சோக்குப் படத்தைப் போல் இல்லை. பெரும்பாலும் மண்ணிறம், சில இடங்களில் செத்து வெளுத்துப்போயிருந்தது. ஒரு பொந்திலிருந்து சின்ன நீல மீன்கள் கூட்டமாக வந்து, என்னைக் கண்டதும் ஒன்றாகத் திரும்பின. கிளைகளின் நுனியில் மட்டும் ஊதா இருந்தது. பன்னிரண்டு வருடம் காத்திருந்தவள் அழுதிருக்க வேண்டும். எனக்குக் கேட்டதெல்லாம் குழாய்க்குள் போய்வரும் என் மூச்சுத்தான். அது அவள் நெஞ்சின் விசிலைப் போலவே இருந்தது.

திரும்பும்போது மச்சான் முன் சீற்றில் வேனை ஓட்டினார். பின் சீற்றில் நானும் தங்கையும். அவருக்குக் கேட்காத குரலில் அவள் சொன்னாள்.

"மாலைதீவுல நான் ஒரு நாளும் இறங்கல்ல ராத்தா."

"அப்ப அந்தப் படமெல்லாம்?"

"படகுல இருந்து எடுத்த. முட்டு வந்துருமெண்டு பயம், ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு சாட்டுச் சொன்னன். இண்டைக்கு நீங்க பக்கத்துல இருப்பீங்க, பம்பும் உங்கட பேக்குல கிடக்கும், இறங்கிப் பாப்பமெண்டு நெனச்சன்."

இல்லாத ஒன்றுக்காக எரிந்திருக்கிறேன். அவளோ என்னை நம்பி வந்திருக்கிறாள். ஊரில் உம்மா முதலில் ஏசினார், பிறகு, உன் எண்ணம், நிய்யத்து, நல்லது, பிள்ளையின் உயிரைக் காப்பாற்றினாய் என்றார். இன்று வரைக்கும் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். என் நிய்யத்து என்னவென்று அல்லாஹ்வுக்கும் எனக்கும் தெரியும். அன்று வேனில் தங்கைக்கும் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன்.

கல்முனை வர இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. "கீழ என்ன இருந்த? சொல்லுங்க," என்றாள்.

அவளுக்குச் செய்யக்கூடியது அது ஒன்றுதான். சொன்னேன். செத்த கற்களை விட்டுவிட்டேன். ஊதாவைக் கூட்டிச் சொன்னேன், சிவப்பும் மஞ்சளும் சேர்த்தேன், மீன்களைப் பல மடங்கு பெருக்கினேன். அவள் சீற்றில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். முகம் மெதுவாக மலர்ந்தது. நான் கீழே போயும் பார்க்காத ஒரு முருகைக்கல்லை அவள் அங்கே உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.