டாஃபியின் கூண்டும் பெரில் வீட்டு நரியும்

இங்கிலாந்தின் பிராட்ஃபர்ட் நகரத்துப் பஸ் டிரைவர் நார்மன் ஹெப்பிள் தன் ஆயுளில் யாரிடமும் "முடியாது" என்று சொன்னதில்லை. தன் காலை மிதித்தவனிடமே மன்னிப்புக் கேட்கும் ஊர் அது; அங்கேயும் இவர் ஒருபடி மேல். கை காட்டியவர்களுக்கெல்லாம் கண்ட இடத்தில் வண்டியை நிறுத்துவார், அதற்கு மேலதிகாரியிடம் திட்டு வாங்குவார், திட்டியதற்கு நன்றியும் சொல்லிவிட்டு வருவார். ஓய்வு பெற்றபின் அவருடைய மொத்தப் பிரியமும் டாஃபி என்கிற பெண் முயலின்மேல் போய் விழுந்தது. தொங்கு காது, தொப்பை, யாரையும் மதிக்காத மூக்கு.

தோட்டத்தில் அதற்கு அவர் கட்டிய கூண்டைப் பார்த்தால் வங்கிக்காரர்கள் வெட்கப்படுவார்கள். ஈரம் ஏறாமல் உயரமான கால்கள், சாரல் அடிக்காமல் சரிவான கூரை. முதலில் அடித்த மெல்லிய கோழிவலையை நரி பல்லால் பிய்த்துவிடும் என்று கேள்விப்பட்டதும் அதைக் கழற்றி எறிந்துவிட்டுத் தடித்த இரும்பு வலை அடித்தார். மரக்கொக்கியை நரி மூக்காலேயே திருப்பிவிடும் என்றார்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று தாழ்ப்பாள் போட்டார்.

வினை பக்கத்து வீட்டில் இருந்தது. அங்கே குடியிருந்த பெரில் அம்மாள் ஒருநாள் வேலியோரம் சாசேஜ் என்கிற இறைச்சிக் குழல்களை வீச, நரி வந்து தின்றுவிட்டுப் போனது. நார்மன் கண்டிக்கத்தான் கிளம்பினார்.

"வாங்க நார்மன்! நரி வந்துச்சே, பார்த்தீங்களா?"

"பார்த்தேன், பெரில். அதைப் பத்திதான்..." பெரிலின் முகத்தைப் பார்த்ததும் பேச்சை மாற்றினார். "ரொம்ப அழகா இருக்கு, இல்ல?"

"அப்படியா தோணுது உங்களுக்கு?"

"அந்த வாலைப் பார்த்தீங்களா! ராஜ வால்!"

தேநீர் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டார். மறுநாளும் கிளம்பினார். வெறுங்கையோடு போனால் சண்டைக்கு வந்ததுபோல் இருக்குமே என்று பெரிலுக்கு ஒரு பொட்டலம் சாசேஜ் வாங்கிப்போனார். அந்தப் பொட்டலமும் நரிக்கே போய்ச் சேர்ந்தது. பிறகு எங்கே கண்டிப்பது? நரி தினமும் மாலையில் சொல்லிவைத்தாற்போல் வந்தது. தின்றுவிட்டு வேலியைத் தாண்டி, பலகாரக் கடை வாசலில் நிற்பவனைப்போல் டாஃபியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

வலை அசையவில்லை, தாழ்ப்பாள் அசையவில்லை. டாஃபிதான் ஆடிப்போனது. ஒருநாள் காலையிலிருந்து மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. காரட் இலையை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. நார்மன் அதைத் தூக்கிக்கொண்டு மிருக டாக்டரிடம் ஓடினார்.

"கூண்டுல குறை இல்லை, மிஸ்டர் ஹெப்பிள்," என்றார் டாக்டரம்மா. "முயல் பயத்துலயே செத்துப்போகும். தீனி நின்னா உசிருக்கே ஆபத்து. முதல்ல அந்த நரியை வரவிடாதீங்க."

திரும்பி வரும்போது சாயங்காலமாகிவிட்டது. டாஃபியைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்தபடி நேராகப் பெரில் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"மழை வரும்போல இருக்கு," என்றார்.

"ஆமா, இருட்டிக்கிட்டு வருது."

"பெரில்..." டாஃபியை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார். "மன்னிச்சுக்கங்க. தப்பா நினைக்காதீங்க. நரிக்கு இனிமே எதுவும் போடாதீங்க. என் டாஃபி செத்துடும்."

பெரில் வாயைப் பிளந்தார். "கடவுளே! எனக்கு நரின்னாலே நடுக்கம், நார்மன்! அன்னிக்கு சாசேஜ் கருகிப்போச்சு, தூக்கிப் போட்டேன், அவ்வளவுதான். நீங்கதான் ராஜ வால்னீங்க. பொட்டலம் வேற வாங்கிட்டு வந்தீங்க. மனுஷன் ஆசையைக் கெடுப்பானேன்னு தினமும் கதவிடுக்கு வழியா வீசிக்கிட்டு இருக்கேன்!"

இருவரும் ஒரே நேரத்தில் மன்னிப்புக் கேட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து நரி வந்து புல்வெளியில் உட்கார்ந்தது.

"நீங்களே சொல்லிடுங்க," என்றார் பெரில் ரகசியமாக.

"உங்க தோட்டமாச்சே, நான் எப்படி..." என்று இழுத்த நார்மன், துண்டுக்குள் டாஃபி நடுங்குவதை உணர்ந்தார். முயலைப் பெரிலின் கையில் திணித்துவிட்டுத் வாசலோரம் இருந்த துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பாய்ந்தார்.

"ஓடு! உனக்கு இங்க ஒண்ணும் கிடையாது! முடியாது! முடியவே முடியாது!"

தெருவே ஜன்னலைத் திறந்தது. நரி ராஜ வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடியே போனது. மூச்சு வாங்கத் திரும்பினால், டாஃபி பெரிலின் கையிலிருந்தபடியே கழுத்தை நீட்டி, ஜன்னல் விளிம்பில் இருந்த தொட்டிக் கீரையைக் நறுக் நறுக்கென்று கடித்துக்கொண்டிருந்தது. நார்மனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"சாப்பிடுது! ஐயோ, பெரில், உங்க கீரை!"

"தின்னட்டும் விடுங்க. எனக்கு இந்தக் கீரையே ஆகாது," என்றார் பெரில். "நீங்க குடுத்த செடியாச்சேன்னுதான் தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தேன்."