குரைப்புச் சோதனை

பல்செட் செய்கிற லேபில் வேலை பார்க்கும் அவளுக்கு யார் வாயைத் திறந்தாலும் அச்செடுக்கத் தோன்றும். இந்த ஒரு மாதமாக அவள் பார்த்ததெல்லாம் வீட்டுக்காரர்களின் வாய்கள். "நாயா?" என்று திறந்து, அப்படியே மூடிக்கொண்ட வாய்கள்.

நாய் அவளுடையது அல்ல, தம்பியுடையது. லாரி ஓட்டியவன். வெளியூர் போகும்போதெல்லாம் அக்காவிடம் விட்டுவிட்டுப் போவான். போன மழைக்காலத்தில் காய்ச்சலில் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. நாய் அவளிடமே தங்கிவிட்டது. கன்றுக்குட்டி உயரம், நரைத்த முகவாய், பெயர் பெருசு. தனியே விட்டால் குரைத்தே தெருவைக் கூட்டிவிடும். அதனால்தான் இருந்த வீட்டையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் வேறு வீடு அமையாவிட்டால் பெருசைக் காப்பகத்தில் விட வேண்டியதுதான்.

"அக்கா, ஜாக்பாட்! கேட் போட்ட அடுக்குமாடி. நாய் வெச்சுக்கலாம்னு போர்டுலயே போட்டிருக்கான்" என்று தரகர் கூட்டிவந்தார்.

போர்டில் இருந்தது உண்மைதான். ஆனால் நாய் பொது லிஃப்டில் ஏறக் கூடாதாம். சாமான் ஏற்றும் லிஃப்ட் ரிப்பேர். நான்காவது மாடிவரை இவள் முன்னால் இழுக்க, தரகர் பின்னாலிருந்து தள்ளினார்.

மேலே குடியிருப்போர் சங்கச் செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். பக்கத்தில் எதிர்வீட்டம்மா.

"கடிக்குமா?"

"வாயில விரல வெச்சாக்கூட கடிக்கத் தெரியாதுங்க."

"கடிச்சா ஒருத்தருக்குத்தான் தொல்லை. குரைச்சா எல்லாருக்கும். நாய மட்டும் உள்ள விட்டுப் பூட்டுங்க. அரை மணி நேரம் சத்தம் வரலன்னா சாவி உங்களுக்கு."

தரகர் இதை முன்பே சொல்லியிருந்ததால் அவள் ஏற்பாட்டோடுதான் வந்திருந்தாள். லாரியிலிருந்து தம்பி பெருசுக்கென்றே பேசி அனுப்பிய குரல்பதிவுகள் அவள் போனில் இருந்தன. அவற்றைப் போட்டால் நாய் அடங்கிப் படுத்துவிடும் என்று போன வாரம்தான் கண்டுபிடித்திருந்தாள். அவளால்தான் கேட்க முடிவதில்லை. ஓடவிட்டுவிட்டு வெளியே போய்விடுவாள். இப்போதும் சத்தத்தைக் குறைத்து, போனைத் தரையில் வைத்துவிட்டுக் கதவைப் பூட்டினாள். சாமான் இல்லாத வீடு முணுமுணுப்பைக்கூடப் பெரிதாக்கும் என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

"டேய் பெருசு, சாப்ட்டியாடா? அக்காவப் படுத்தாத. ரெண்டு நாள்ல வந்துடறேன்."

கதவைத் தாண்டிக் கணீரென்று கேட்டது.

"உள்ள யாரு? தனியாத்தான் இருப்பேன்னு சொன்னீங்க?" எதிர்வீட்டம்மாவின் புருவம் நெற்றிக்கு ஏறியது.

"என் தம்பிங்க."

"தம்பிய உள்ள ஒளிச்சு வெச்சுட்டு நாயப் பரீட்சைக்கு உக்கார வெக்கிறீங்களா?" என்றார் செயலாளர்.

"ஒளிக்கலீங்க. அவன் இல்ல."

"இல்லாதவரா இப்படிப் பேசுறாரு?"

சாவியைத் திருகிக் கதவைத் திறந்துவிட்டாள். வெற்றுக் கூடத்தில் பெருசு போனை ஒட்டி முகத்தை வைத்துப் படுத்திருந்தது. இவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தவறிட்டான். அப்ப பேசி அனுப்பினது."

"அடப் பாவமே" என்றாள் எதிர்வீட்டம்மா. உள்ளே எட்டிப் பார்த்து, "தினமும் இதத்தான் போடுவீங்களா?" என்றாள்.

"வேலைக்குப் போறப்ப போடணும்."

"போனவங்க குரல தினமும் எதிர்வீட்லேர்ந்து கேட்டா... வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்கும்மா."

செயலாளர் தொண்டையைச் செருமினார். "போன எடுத்துட்டு இன்னொரு தடவ பாக்கலாமே."

"குரைக்கத்தானே கூடாதுன்னீங்க? அது வாயே திறக்கலியே!" அவள் குரல் படிக்கட்டுவரை போனது. போனை எடுத்து அணைத்தாள். அடுத்த நொடியே பெருசு ஊளையிடத் தொடங்கியது. வாரைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

படியிறங்கும்போது தரகர், "நாய் பாஸாயிடுச்சு, அக்கா. தம்பிதான் ஃபெயிலு" என்றுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் நின்று முறைத்தாள். அவர் அவசரமாக, "மெக்கானிக் ஷெட்டுக்கு மேல ஒரு ரூம் இருக்கு. விடிஞ்சதுலேர்ந்து பொழுது சாயறவரைக்கும் தகரத்தத் தட்டுவான். எது குரைச்சாலும், யாரு பேசினாலும் காதுல விழாது. மனுஷங்க இருக்க முடியாதேன்னுதான் காட்டல" என்றார்.

"ஒரு மாசமா ஊரெல்லாம் அலைய விட்டுட்டு, இதப் போய் இப்ப சொல்றீங்க!" என்றாள். "நடங்க, இப்பவே பாத்துடலாம்."