பாயிலிருந்து வாசப்படி வரை

கஸ்தூரி பல் தேய்க்கப் போனால் தேய்த்துவிட்டுத்தான் வருவாள் என்று யாரும் பந்தயம் கட்ட முடியாது. போகிற வழியில் கொடியில் கிடக்கும் ரவிக்கை கண்ணில் படும். எடுத்து மடித்தால் ஒரு கொக்கி அறுந்திருக்கும். ஊசி தேடிப் பெட்டியைக் குடைந்தால் பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்று கிடைக்கும், உட்கார்ந்து அதைப் படிப்பாள். அதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்திருக்கும், உள்ளங்கையில் பல்பொடி அப்படியே இருக்கும். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். திமிர் என்றார்கள், சோம்பேறித்தனம் என்றார்கள். டாக்டர் புத்தகத்தில் இதற்கு வேறு பேர் உண்டு என்று 1988-இல் அந்தப் பக்கம் யாருக்கும் தெரியாது. சாபம் விடத்தான் தெரிந்திருந்தது.

அந்தப் பக்கம் என்றால் ஆவடிக்கு மேற்கே, ராணுவத்துக்குச் சாமான் செய்கிற ஒரு ஃபேக்டரியின் குவார்ட்டர்ஸ். அங்கே சூரியன் உதிக்காவிட்டாலும் பரவாயில்லை, ஃபேக்டரிச் சங்கு ஊத வேண்டும். ஐந்தரைச் சங்குக்கு எழுந்திருப்பார்கள். ஆறரைச் சங்குக்குச் சாப்பாடு கட்டுவார்கள். ஏழேகால் சங்கு ஊதி முடிவதற்குள் கேட்டிலுள்ள பலகையில் அவரவர் பித்தளை டோக்கனை மாட்டிவிட வேண்டும். சங்கு நின்றதும் பலகையின் கண்ணாடிக் கதவைச் சாத்திவிடுவார்கள். சங்கை நம்பி எல்லா வீடுகளிலும் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதையே விட்டிருந்தார்கள்.

ஊரையே எழுப்பிவிடும் அந்தச் சங்கு கஸ்தூரியை மட்டும் கட்டிப்போட்டது. புருஷன் மணவாளன் அங்கேதான் வேலை பார்த்தான். சாயங்காலச் சங்கு ஊதினால் கால் மணியில் வீட்டுக்கு வந்துவிடுவான். குழாய் திறந்து கிடந்தால் அடி. சாதம் அடிப்பிடித்திருந்தால் அடி. ஒன்பது வருஷம் சங்குச் சத்தம் கேட்ட உடனே, எதை மறந்தோம், எதை மறந்தோம் என்று அவள் வீடு முழுக்க ஓடினாள். ஓடினால் இன்னும் இரண்டு மறந்துபோகும். பூந்தமல்லி சாலையில் லாரி மோதி அவன் செத்துப்போனான், அதே ஃபேக்டரியில் வாரிசு வேலை அவளுக்கு வந்தது. சத்தம் மட்டும் போகவில்லை. காலையில் ஆறரைச் சங்கு ஊதினால் போதும், சீப்பும் கையுமாக அப்படியே நின்றுவிடுவாள். கால் நகராது.

"புருசன் நெனப்பு. சங்கு ஊதுனா கண்ணுல தண்ணி வந்துடுது பாவம்" என்று குவார்ட்டர்ஸில் உச்சுக் கொட்டினார்கள். அவள் மறுத்துப் பேசவில்லை. செத்தவனைப் பற்றி என்ன சொல்வது?

டைம் ஆபீஸ் கோதண்டம் லேட்டாக வந்ததற்கு இரண்டு மெமோ கொடுத்துவிட்டார். மூன்றாவது வந்தால் வேலை போய்விடும், வேலை போனால் வீடும் போய்விடும். அப்புறம் போக்கிடம் ஒன்றுதான், மாங்காட்டில் இருக்கும் மணவாளனின் அண்ணன் கங்காதரன் வீடு. அவனுக்கும் அதே கை. போன தீபாவளியன்று அவன் பெண்டாட்டியின் கன்னத்தில் அதை அவள் பார்த்திருந்தாள்.

அந்தப் பயத்தில்தான் ஒரு வழி கண்டுபிடித்தாள். சாயங்காலம் விளக்கு வைத்ததும் பாயிலிருந்து வாசப்படி வரை மறுநாளைக்கு வேண்டிய சாமான்களைத் தரையில் வரிசையாக வைத்துவிடுவாள். முதலில் பல்பொடி, பிறகு சோப்பு, புடவை, சீப்பு, சாப்பிடுகிற தட்டு, டிபன் பாக்ஸ். கடைசியில் வாசப்படியருகே டோக்கனைப் போட்ட பை. ஒன்றை முடிக்காமல் அடுத்ததைத் தொடக் கூடாது. முடித்ததும் "அடுத்தது என்ன?" என்று வாய்விட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதல் வாரம் மானம் போயிற்று. சீப்புக்கு அடியில் பேப்பர் விரித்திருந்தாள். அதில் இருந்த வரன் விளம்பரங்களைப் படித்து முடிப்பதற்குள் ஆறரைச் சங்கு ஊதிவிட்டது. பேப்பரை ஒழித்தாள். அதுவரை காலையில் சாப்பிடும் வழக்கமே இல்லாததால் தட்டைத் தாண்டித் தாண்டிப் போனாள். பிறகு தட்டை நடைவழிக்கு நட்டநடுவே வைத்தாள்.

பாரிவாக்கத்தில் நாற்று நட்டுக்கொண்டிருந்து, இப்போது குவார்ட்டர்ஸுக்குப் பால் ஊற்றுகிற வேம்புலியம்மாள் வாசலில் நின்று சிரித்தாள். "இன்னாக்கா இது, ஊட்டுக்குள்ள சந்தைக் கடை போட்டுகினு கீற?"

"சிரி, சிரி. ஆனா தெனம் அஞ்சு மணிக்குக் கதவைத் தட்டிட்டுப் போ."

"தட்டறேன். நீ தொறக்கலன்னா ஒடைச்சிடுவேன்."

மார்கழியில் ஒரு நாள் வேம்புலியம்மாள் வழக்கம்போலத் தட்டினாள். கஸ்தூரி எழுந்து பல் தேய்த்தாள், குளித்தாள். புடவை கட்டும்போதுதான் உறைத்தது, முதல் சங்கைக் கேட்ட ஞாபகமே இல்லை. சங்கு ஊதாமல் இருக்குமா? ஊதியிருக்கும். நாம்தான் எதையோ நினைத்துக்கொண்டு கவனிக்கவில்லை. அப்படியானால் ஆறரையும் ஆகிவிட்டதோ? வீட்டில் கடிகாரமும் இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்று ஒரு கணம் நின்றாள். ஓடினால் எல்லாம் போச்சு என்று அவளுக்குத் தெரியும். "அடுத்தது என்ன?" சீப்பு. தலை வாரினாள். "அடுத்தது என்ன?" தட்டு. ராத்திரியே மூடி வைத்திருந்த இட்லி மூன்றையும் தண்ணீர் விட்டு விழுங்கினாள்.

தெருவில் ஓர் ஆள் இல்லை. எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள் என்று எண்ணிக்கொண்டாள். கேட்டுக்கு வந்து சேர்ந்தாள். மாங்காட்டு வீட்டின் சமையலறைக் கதவு கண்முன்னே வந்தது.

கோதண்டம் நாற்காலியில் இருந்து எழுந்தார். "இன்னாம்மா, சங்கு ரிப்பேர், ஒருத்தனும் வரல. நீ மட்டும் எப்டி வந்த?"

பலகை காலியாக இருந்தது, கண்ணாடிக் கதவு திறந்தே கிடந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி ஏழு பதினான்கு. பைக்குள் கையை விட்டாள்.

அந்த நேரம் பார்த்து மேலே ரிப்பேர் முடிந்தது. தலைக்கு நேர் மேலே சங்கு அலறியது. இத்தனை பக்கத்தில் அவள் அதைக் கேட்டதே இல்லை. பையோடு தரையில் குந்தி, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டாள். "இதோ ஆச்சுங்க, இதோ ஆச்சுங்க, அடிக்காதீங்க" என்று வாய் தானாகச் சொன்னது.

அவள் வாயசைப்பையும் தலையை மூடிய கைகளையும் பார்த்துக் கோதண்டம் ஓர் அடி முன்னால் வந்து நின்றுவிட்டார். ஒருத்தர் டோக்கனை இன்னொருத்தர் தொட்டால் இரண்டு பேருக்கும் வேலை போகும். அவர் கண்ணாடிக் கதவைப் பிடித்தபடி அவளையே பார்த்தார்.

சங்கு ஊதிக்கொண்டே இருந்தது. அது நிற்க இன்னும் எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "அடுத்தது என்ன?" என்றாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடியும் கேட்டாள். கை தலையை விட்டு இறங்கிப் பைக்குள் போனது. பலகையைப் பிடித்து எழுந்து தன்னுடைய 614-ஆம் ஆணியில் டோக்கனை மாட்டினாள். ஒரு தரம் தவறிக் கீழே விழுந்தது. எடுத்து மறுபடியும் மாட்டினாள். சத்தம் அப்போதும் நிற்கவில்லை. அது ஊதிக்கொண்டிருக்கும்போதே அவள் கை ஒரு வேலையை முடித்தது அதுதான் முதல் தடவை.

சங்கு நின்றது. கோதண்டம் கதவைச் சாத்தினார். அவர் மணவாளனோடு பத்து வருஷம் டீ குடித்தவர், சாவுக்கு மாலை வாங்கி வந்தவர்.

"அவன் தங்கமான ஆளுன்னு ஊரெல்லாம் சொல்லிகினு இருந்தேனேம்மா" என்றார்.

"எல்லாரும் அதைத்தான் சொன்னாங்க. நானும் சும்மா இருந்துட்டேன்" என்று கஸ்தூரி சொன்னாள். முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு, பேக்கிங் பிரிவுக்கு நடந்தாள்.