பெரிய வெள்ளியன்று அப்பா ஸ்ரீரங்கம் போனார்

ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை காலிப் பாட்டிலைக்கூடத் தெருமுனைத் தொட்டியில் போடக்கூடாது. வந்த புதிதில் எனக்கு அது தெரியாது. நான் போட்ட சத்தம் கேட்டுக் கீழ்வீட்டுப் பெரியவர் ஜன்னலைத் திறந்து, "ஸோன்டாக்!" என்றார். ஞாயிறு என்பது மட்டும் புரிந்தது. சர்ச்சுக்குப் போனாயா என்று கேட்கிறார் என நினைத்து, "போய் வந்துவிட்டேன், நீங்கள்?" என்றேன். அவர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். சர்ச் வாசலை மிதித்துப் பல ஆண்டுகளான மனிதர் அவர் என்று பிறகுதான் தெரிந்தது. ஓய்வுநாள் சட்டத்தை மட்டும் விடாமல் காத்து வந்தார்.

எனக்கு அப்பா நினைவு வந்தது. பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். பாலக்கரையில் எங்கள் வீட்டில் பூசை, நோன்பு, ஜெபமாலை எதுவும் தவறாது. அக்கா ஸ்டெல்லா ஸ்ரீரங்கத்து முரளியைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டபோது, "கட்டளைன்னா கட்டளைதான். அவ இனிமே இந்த வாசப்படி மிதிக்கக்கூடாது" என்றார். காவிரிப் பாலத்தைத் தாண்டினால் அக்கா வீடு. அம்மா படுக்கையில் விழுந்தபோது, "ஸ்டெல்லாவ ஒரு தடவ கூட்டிட்டு வாங்க" என்று கெஞ்சியது இங்கே எனக்குப் போனில் கேட்டது. அப்பா போகவில்லை. அம்மா அப்படியே கண்ணை மூடினாள்.

இந்த ஆண்டு பெரிய வியாழன் பூசையில், பழைய உடன்படிக்கை கல்லில் எழுதப்பட்டது, புதியது நெஞ்சில் எழுதப்படுவது என்று ஃபாதர் பிரசங்கம் செய்தாராம். எத்தனையோ முறை கேட்ட பிரசங்கம்தான். அன்று ஏன் தைத்தது என்று அப்பாவுக்கே தெரியவில்லை. மறுநாள் காலை சிலுவைப்பாதைக்குப் போகாமல் ஸ்ரீரங்கம் பஸ் ஏறிவிட்டார்.

கதவைத் திறந்த முரளி அத்தான் திகைத்துப்போய், "வாங்க மாமா, உள்ள வாங்க" என்றாராம். அப்பா வாசலிலேயே நின்று, உள்ளிருந்து வந்த அக்காவைப் பார்த்துச் சொன்னார்: "கல்லுல எழுதுனதையே கெட்டியாப் புடிச்சுக்கிட்டு இருந்துட்டேம்மா."

அக்கா கேட்டாள்: "அம்மா கேட்டப்ப வந்திருக்கக் கூடாதாப்பா?"

அப்பா உள்ளே வந்து உட்கார்ந்தார். அக்கா தட்டில் இட்லி வைத்தாள். பெரிய வெள்ளி காலையில் தண்ணீர்கூட அருந்தாத மனிதர், அழுதுகொண்டே சாப்பிட்டார்.

மனிதன் எந்த வயதிலும் புதிதாகலாம் என்று இப்போது நம்புகிறேன். ஆனால் அது அம்மாவை எழுப்பி அந்தத் தட்டுக்கு முன்னால் உட்கார வைக்காது.

ஈஸ்டர் அன்று வீடியோ காலில் பாலக்கரை வீடு தெரிந்தது. அப்பா நகர்ந்து அக்காவுக்கு இடம் விட்டார். "நீ எப்பம்மா வர்றே?" என்றார் என்னிடம். திரை முழுக்க அவர்கள் இருவரும். மூலையில் ஒரு சின்னச் சதுரத்துக்குள், கோட்டை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி டியூட்டிக்குக் கிளம்பி நிற்கும் நான்.