யூனியனில் கொஞ்சம் அரவம்

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், "ஏரோப்ளேனுக்கு நரம்பு போடுறேன்" என்பாள் பகவதி. கேட்டவர்கள் சிரித்தாலும் அவள் சிரிக்கமாட்டாள். ஹைதராபாத் பாலாநகரில் விமானக் கருவிகளுக்கு வயர்க் கட்டுகள் செய்யும் தனியார் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருஷமாக அவளுக்கு அதுதான் வேலை. தீப்பெட்டி அளவுகூட இல்லாத ஒரு கனெக்டரில் முப்பத்தேழு துளைகள். ஒவ்வொரு துளைக்கும் ஒரு வயர், ஒவ்வொரு வயருக்கும் ஒரு சொட்டு ஈயம். ஒன்று இடம் மாறினாலும் மேலே பறக்கிறவன் பாடு திண்டாட்டம்.

அவள் வீடு சைனிக்புரியைத் தாண்டி இருந்தது. ஹகீம்பேட்டிலிருந்து கிளம்பும் பயிற்சி விமானங்கள் அந்தப் பக்கம் தாழ்வாகப் பறக்கும். மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருப்பவள் கையிலிருந்த புடவையை அப்படியே விட்டுவிட்டு அண்ணாந்து பார்ப்பாள். "போவுது பாரு, அம்மா கட்டினது" என்று மகள் ரக்ஷிதாவிடம் காட்டுவாள். அந்த விமானத்தில் இருப்பது தான் கட்டிய வயர்தானா என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியாது. இல்லையென்று சொல்லவும் அங்கே ஆளில்லை.

அவளுடைய கொள்ளுத்தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு செகந்திராபாத் வந்தவர். பட்டாளத்துக் குதிரைகளுக்கு லாடம் அடித்தார். பட்டாளம் போய்விட்டது, குடும்பம் தங்கிவிட்டது. பகவதி படித்தது தெலுங்கு மீடியம். வீட்டில் பேசியது வேலூர்த் தமிழ். தெருவில் கற்றது தக்கனி, அந்த ஊர் உருது. இந்த மூன்றும் அவள் வாயில் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்தின. தமிழில் ஒரு வரிகூட அவளுக்கு எழுதத் தெரியாது. ஆனால் தமிழில் ஒரு நாளைக்கு ஆயிரம் வரி பேசுவாள்.

பாட்டு விஷயத்திலும் அப்படித்தான். போனாலு பண்டிகையில் பறை மாதிரியான டப்பை அடிக்கிற சத்தம் இரண்டு தெரு தள்ளிக் கேட்டாலே அவள் கால் தாளம் போடும். தேர்தல் வந்தால் ஒவ்வொரு கட்சியின் ஆட்டோவும் ஒரு பாட்டைப் போட்டுக்கொண்டு ஏ.எஸ்.ராவ் நகர் கடைத்தெருவைச் சுற்றும். அங்கே மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் கணவர் சீனிவாசன், கட்சிகளின் வாக்குறுதிகளைக் காது கொடுத்துக் கேட்பார். பகவதி பாட்டைத்தான் கேட்பாள். "தாளமே நிக்கல, இவங்க ஆட்சி எங்க நிக்கப்போவுது? நக்கோ, வேணாம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வெங்காயம் வாங்கப் போவாள்.

தொழிற்சாலையிலும் அவள் ஒரு பாட்டுக் கட்டியிருந்தாள். புதிதாக வேலைக்குச் சேரும் பெண்களுக்கு முப்பத்தேழு வயர்களின் வரிசை மனத்தில் ஏறுவதற்குள் மூன்று மாதம் ஆகிவிடும். எப்போதோ ஒரு மழைக்காலத்தில் அலுத்துப்போய், அந்த வரிசையைப் போனாலு மெட்டில் போட்டாள். "லால் முன்ன, பீலா பின்ன, நீலிக்குப் பக்கம் நல்லதி நக்கோ" என்று ஆரம்பித்து முப்பத்தேழாவது வயர் வரைக்கும் அது ஓடும். பத்தே நாளில் புதுப் பெண்கள் வரிசை தப்பாமல் கட்டினார்கள். அதன்பிறகு அந்தப் பிரிவில் சேர்ந்த எவளும் அந்தப் பாட்டைப் பாடாமல் வேலை கற்றதில்லை.

ஈரோட்டிலிருந்து தரப் பரிசோதனை எஞ்சினியராக வந்த சுபாஸ்ரீ, முதல் நாள் அதைக் கேட்டுவிட்டுக் குழம்பிப்போனாள்.

"ஏனுங்க, நல்லதை எதுக்குங்க வேண்டாங்கறீங்க?"

"ஐயோ, நல்லதி-ன்னா தெலுங்குல கருப்பும்மா. நீலத்துக்குப் பக்கத்துல கருப்பு வரக் கூடாது, கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணாத் தெரியும்."

"அப்ப லாலு, பீலா?"

"அது இந்தி. செவப்பு, மஞ்ச."

"இதுல தமிழ் எங்கைங்க இருக்குது?"

"முன்ன, பின்ன, பக்கம். எடத்தைச் சொல்றதெல்லாம் தமிழ்தான்" என்றாள் பகவதி. சுபாஸ்ரீ அன்றைக்கே அந்தப் பாட்டைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

சென்ற ஆண்டு தசரா முடிந்த வாரம், பிரிவின் வாசலில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்களுக்குப் பார்வை மங்கும், நுண்ணிய வேலை சரிப்படாது, ஆகையால் அவர்கள் எல்லோரும் ஜனவரியிலிருந்து பேக்கிங் பிரிவுக்கு மாற்றப்படுகிறார்கள். மொத்தம் பதினோரு பேர். பகவதியின் பெயர் மூன்றாவதாக இருந்தது. அவளோடு ஒரே வருஷத்தில் சேர்ந்த சத்தெம்மாவின் பெயர் கடைசியில் இருந்தது. சத்தெம்மா நோட்டீஸுக்கு முன்னாலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

பகவதிக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. பிரிவின் விளக்குகள் கூரையில் எட்டாத உயரத்தில் தொங்கின. அந்த வெளிச்சத்தில் இருபது வயதுப் பெண்களே கண்ணை இடுக்கிக்கொண்டுதான் வேலை செய்தார்கள். பரிசோதனை அறையில் மட்டும் பூதக்கண்ணாடி பொருத்திய மேசை விளக்குகள் இருந்தன. செய்கிறவளுக்கு இருட்டு, குறை கண்டுபிடிக்கிறவருக்கு வெளிச்சமா என்று அவள் வெகுநாளாகவே கேட்டுக்கொண்டிருந்தாள்.

பதினோரு பேரையும் கூட்டிக்கொண்டு யூனியன் செயலாளர் யாதகிரியிடம் போனாள். கடைசல் இயந்திரத்தில் வேலை செய்கிறவர், தொண்டையும் மீசையும் கனத்த மனிதர், ஆறு வருஷமாக எதிர்ப்பில்லாமல் செயலாளராக இருந்தவர். அவர் நோட்டீஸை முழுதாகக்கூடப் படிக்கவில்லை.

"பேக்கிங் சுலபமான வேலைதானே அக்கா? அட்டைப்பெட்டியை மடிச்சு வெச்சிட்டு வீட்டுக்குப் போங்க. இந்த வயசுல எதுக்கு வம்பு?"

அன்று சாயங்காலம் பாலாநகரிலிருந்து பஸ்ஸில் வரும்போது, பெண்களுக்கு இலவசமாகக் கண்டக்டர் கொடுக்கும் சீரோ டிக்கெட்டைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக ஒரு முடிவுக்கு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் கைகூடக் கழுவாமல் சொன்னாள்.

"யூனியன் எலக்சன் அடுத்த மாசம் வருது. நான் செக்ரெட்டரிக்கு நிக்கிறேன்."

சீனிவாசன் ஒரு மிக்ஸி மோட்டாரைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். "கைக்கு?" ஏன் என்பதற்குத் தக்கனியில் அப்படித்தான்.

"கைக்கா? இருவத்தெட்டு வருஷம் வயர் கட்டின கையி அட்டைப்பெட்டி மடிக்கணுமா? அதுக்குத்தான்."

"தோத்துட்டா?"

"தோத்தா பேக்கிங்குதான். நிக்காட்டியும் பேக்கிங்குதான்."

சீனிவாசன் கொஞ்சம் யோசித்தார். "ஹவ், அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு மோட்டாரிடம் திரும்பினார். ரக்ஷிதா மட்டும் ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு, "சூப்பர் அம்மா, நுவ்வே கெலுஸ்தாவ்!" என்றாள். ஜெயிக்கப்போவது நீதான் என்று தமிழில் சொல்ல அவளுக்கு ஏனோ நாக்கு வளையாது. பகவதிக்கு எந்தப் பாஷையில் சொன்னாலும் போதுமாக இருந்தது.

தேர்தலில் நானூற்றுப் பன்னிரண்டு ஓட்டுகள். அதில் பெண்கள் தொண்ணூற்றாறு பேர்தான். ஆண்கள் ஓட்டு இல்லாமல் எதுவும் நடக்காது. பகவதி சாப்பாட்டு இடைவேளைகளில் ஒவ்வொரு பிரிவாகப் போனாள். பெயின்ட் பிரிவில் அரை மணி நேரம் நின்று அவர்களுக்கு எப்படித் தலை சுற்றுகிறது என்று கேட்டுக்கொண்டாள். லாரி ஓட்டுநர்களிடம் தக்கனியில் அரட்டை அடித்தாள். இரண்டு வாரத்தில் காற்று மாறுவதை யாதகிரியும் உணர்ந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி கேன்டீனில் உலாவ ஆரம்பித்தது.

"மனோள்ளா, அரவோள்ளா?"

நம்ம ஆளா, அரவ ஆளா. தமிழைத் தெலுங்கர்கள் அரவம் என்பார்கள். சிலர் வெறும் பெயராகச் சொல்வார்கள், சிலர் சொல்லும்போது உதடு கோணும். பகவதி சின்ன வயதிலிருந்து இரண்டையும் கேட்டவள். ஆனால் தான் பிறந்த ஊரில், தன்னிடம் வேலை கற்றுக்கொண்ட பெண்களின் அண்ணன் தம்பிகள் அதைக் கேட்டபோது, நெஞ்சில் ஏதோ ஒன்று அறுந்ததுபோல் இருந்தது. சென்னைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது அங்கே இருந்தவர்கள் அவளைத் தெலுங்குக்காரி என்றார்கள். இங்கே அரவக்காரி. அப்படியானால் அவள் ஊர் எது?

வீட்டில் இதைச் சொன்னபோது ரக்ஷிதாதான் கேட்டாள். "அம்மா, அரவம்னா மீனிங் என்ன?"

பகவதி சட்டென்று நிமிர்ந்தாள். இந்தக் கேள்வி அவளுக்கு இதுவரை தோன்றியதே இல்லை. அவளுடைய அப்பா ராமசுவாமி ஞாயிற்றுக்கிழமைகளில் கன்டோன்மென்ட் பக்கம் போய்விட்டு வந்து, "ஆள் அரவமே இல்ல" என்பார்.

"அரவம்னா சத்தம்" என்றாள் மெதுவாக. "மனுசங்க இருக்கிற எடத்துல வர்ற சத்தம்."

"பாம்புன்னும் ஒரு அர்த்தம் இருக்குது" என்றார் சீனிவாசன்.

"அத நான் சொல்லப்போறதில்ல."

ஓட்டுப்பதிவுக்கு முந்தைய நாள், ஷிப்ட் மாறும் மூன்று மணிக்கு, கேட்டுக்கு வெளியே கூட்டம். யாதகிரி நான்கு டப்புக் கலைஞர்களைக் கூட்டி வந்திருந்தார். அவர்கள் அடித்த அடியில் எதிர்ச் சாரி டீக்கடையே காலியாகிக் கூட்டத்துக்கு வந்துவிட்டது. யாதகிரி நன்றாகவே பேசினார். கடைசியில் அதே கேள்வியை மைக்கில் கேட்டுவிட்டு இறங்கினார். கூட்டத்தில் பாதி சிரித்தது, பாதி தரையைப் பார்த்தது.

பகவதி மேடையேறினாள். வேறு மேடை இல்லை, ஒரு லாரியின் பின்பலகைதான். தெலுங்கில்தான் பேசினாள், அந்த ஊர்த் தெலுங்கில்.

"யாதகிரி அண்ணன் சொன்னது நிஜம். நான் அரவம்தான். எங்கப்பா அரவம், அவரோட தாத்தாவும் அரவம். இந்த ஊர்ல நாலு தலைமுறை. ஆனா அந்த வார்த்தைக்கு எங்க பாஷையில என்ன அர்த்தம்னு உங்கள்ல யாருக்காவது தெரியுமா?"

கேட்டுவிட்டுக் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"சத்தம்னு அர்த்தம். உள்ளே ஆள் இருக்காங்கன்னு காட்டுற சத்தம். ஆறு வருஷமா நம்ம யூனியன் ஆபீஸ்ல அந்தச் சத்தம் இருக்கா? பெயின்ட் அடிக்கிறவங்க மயங்கி விழுந்தாங்க, சத்தம் இல்ல. பதினோரு பொம்பளைங்களைக் கண்ணு தெரியாதவங்கன்னு நோட்டீஸ் ஒட்டினாங்க, சத்தம் இல்ல. நம்ம யூனியனுக்கு இப்ப வேண்டியதே கொஞ்சம் அரவம்தான். நாளைக்கு ஓட்டுப் போடுங்க, கொண்டுவரேன்."

டப்புக்காரர்களில் மூத்தவர், யாதகிரி கூட்டி வந்தவர்தான், அடக்க முடியாமல் சிரித்துவிட்டு டப்பில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். மற்ற மூவரும் தொடர்ந்தார்கள். பின்வரிசையில் நின்ற லாரி ஓட்டுநர்கள் விசிலடித்தார்கள். சத்தெம்மா இந்தத் தடவையும் அழுதாள். பகவதி லாரியிலிருந்து இறங்கினாள். அந்த டப்பு ஒரு அடிகூடத் தப்பவில்லை என்பதை அவள் காது கவனித்துக்கொண்டது.

மறுநாள் எண்ணியபோது பகவதிக்கு இருநூற்று மூன்று. யாதகிரிக்கு நூற்று எண்பத்தேழு. இருபத்திரண்டு பேர் ஓட்டுப் போட வரவில்லை. அந்தத் தொழிற்சாலை தொடங்கியதிலிருந்து செயலாளர் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்தது அதுதான் முதல்முறை. முடிவு தெரிந்ததும் யாதகிரி நேராக வந்து கைகூப்பினார். முகம் சிரிக்கவில்லை, ஆனால் கை உண்மையாகவே கூப்பியது.

நிர்வாகத்தோடு நடந்த முதல் பேச்சுவார்த்தையில் பகவதி மேசையைத் தட்டவில்லை. சுபாஸ்ரீயையும் அழைக்கச் சொன்னாள்.

"எங்க கண்ணை நாப்பத்தஞ்சு வயசை வெச்சு அளக்காதீங்க. பரிசோதனை ரூம் விளக்குல பதினொண்ணை எங்களுக்குக் குடுங்க. ரெண்டு வாரம் பாருங்க. இந்தப் பொண்ணு கணக்கு எடுக்கட்டும். சரிப்படலைன்னா நாங்களே பேக்கிங்குக்கு நடந்து போறோம்."

மேலாளர் விரும்பவில்லை, ஆனால் மறுக்கக் காரணமும் கிடைக்கவில்லை. இரண்டு வாரம் அந்தப் பதினோரு பேரும் பூதக்கண்ணாடிக்குக் கீழே குனிந்து வேலை செய்தார்கள். சுபாஸ்ரீ ஒவ்வொரு கனெக்டரையும் சோதித்தாள். பிரிவிலேயே மிகக் குறைவான தவறு அவர்களுடையதுதான். அறிக்கையை அவள் மேலாளரிடம் கொடுக்கும்போது, "சார், எனக்கே இவங்ககிட்ட ஆறு மாசம் பயிற்சி குடுங்க" என்று ஆங்கிலத்தில் சொன்னதாகப் பிறகு தெரிந்தது.

நோட்டீஸைத் திரும்பப் பெற்றார்கள். பிரிவு முழுவதற்கும் விளக்கு வந்தது. பதினோரு பேரில் ஒன்பது பேர் பழைய இடத்திலேயே இருந்தார்கள். ஒருத்தி முதுகு வலி என்று தானாகவே பேக்கிங் கேட்டுப் போனாள். சத்தெம்மாவுக்கு மட்டும் கண் டாக்டரிடம் காட்டியதில் கண்புரை இருப்பது தெரிந்தது. ஆபரேஷன் செய்துகொண்டு, சம்பளத்தோடு விடுப்பு முடித்து, ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தாள்.

நோட்டீஸைத் திரும்பப் பெற்ற அன்று மாலை பகவதி சீனிவாசனின் கடைக்கே நேராகப் போனாள். அவர் அப்போதுதான் ஒரு வாடிக்கையாளரிடம், "எங்க வீட்ல செக்ரெட்டரி. ஏரோப்ளேன் கம்பெனி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு, வெட்கப்பட்டுக் கிரைண்டர் கல்லைத் துடைக்க ஆரம்பித்தார்.

அடுத்த திங்கட்கிழமை யூனியன் ஆபீஸில் பகவதி உட்கார்ந்திருந்தபோது, முதல் புகாரோடு வந்தவர் யாதகிரி. கடைசல் பிரிவுக்குப் பின்னால் மழைநீர் தேங்குகிறது, இரண்டு பேர் வழுக்கி விழுந்துவிட்டார்கள், மூன்று தடவை சொல்லியும் யாரும் வரவில்லை என்றார்.

"யார்கிட்ட சொன்னீங்க?" என்று கேட்டாள் பகவதி.

யாதகிரி மீசையைத் தடவிக்கொண்டார். "அப்ப செக்ரெட்டரி நான்தான் அக்கா."

பகவதிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். புகாரைத் தெலுங்கில் எழுதி, கீழே அவரிடம் கையெழுத்து வாங்கினாள். செருப்பை மாட்டிக்கொண்டு, "வாங்க அண்ணா, எடத்தைக் காட்டுங்க" என்று முன்னால் நடந்தாள்.