தங்கை தனக்கு ஊற்றிக்கொள்ளாத தண்ணீர்

மூத்தவன் போனால் இளையவர்கள் நினைவு மலர் போடுவது வழக்கம். வழக்கம், விதி, நடைமுறை இவற்றைக் காப்பாற்றித்தான் வருவாய்த் துறையில் ஓய்வு பெறும்வரை சம்பளம் வாங்கினேன். எங்கள் வீட்டில் அது தலைகீழாகிவிட்டது. தங்கைக்கு அண்ணன் எழுதுகிறேன். அச்சகத்தார் எல்லா இடத்திலும் 'அன்னார்' என்று போடலாமா என்று கேட்டார். நான் தொட்டிலில் வைத்து ஆட்டியவளை அப்படி அழைக்க எனக்கு வரவில்லை. 'அவள்' என்றே இருக்கட்டும்.

மொரப்பூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தாள். பள்ளிப் படிப்பு முடிந்ததும் அரூரில் புளி மண்டியில் கணக்கெழுதிய மாப்பிள்ளைக்குக் கொடுத்தோம். நல்ல மனிதர், நெஞ்சுவலி வந்து ஒரே நாளில் போய்விட்டார். அவர் விட்டுச் சென்றவை இரண்டு பெண் குழந்தைகள், ஓட்டு வீடு, தையல் மெஷின், வாசலில் மீட்டர் வைத்த ஒரு தண்ணீர்க் குழாய்.

இந்த எண்பதுகள் பிறந்ததிலிருந்து நம் பக்கம் மழை எப்படிப் பெய்தது என்று உங்களுக்கே தெரியும். கொல்லைக் கிணறு வற்றியது. குடிக்க, குளிக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் அந்தக் குழாய்தான். பில் ஏறியது. ரவிக்கை தைத்து வரும் காசில் அதைக் கட்டாவிட்டால் இணைப்பு போகும். இணைப்பு போனால் வயது வந்த பெண்களோடு அந்த வீட்டில் இருக்க முடியாது. தருமபுரிக்கு என் வீட்டுக்குத்தான் வரவேண்டும். எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. அவளுக்கு இருந்தது.

"கட்டலைன்னா துண்டிப்பாங்க, அவ்வளவுதானே? ஒரு மனு, டெபாசிட், அப்புறம் இடம் பாத்து மறு இணைப்பு உத்தரவு. எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று ஆறுதல் சொன்னேன்.

"வெட்டுனா எப்படி ஒட்டறதுன்னு உங்களுக்குத் தெரியுங்ண்ணா. வெட்டாம இருக்க வழி எனக்குத் தெரியுங்க" என்றாள்.

தெரிந்துதான் இருந்தது. காய் கழுவிய தண்ணீர் பாத்திரத்தின் முதல் அலசுக்கு; அலசியது வாழைக்கு. துணி அலசிய தண்ணீர் கழிப்பறைக்கு. குழாய் சொட்டினால் பழைய சைக்கிள் டியூபை வெட்டி, வாஷராகத் தானே மாட்டுவாள். குளிக்க ஆளுக்கு ஒரு வாளி. துவைக்கும் கல்லிலிருந்து முருங்கை மரம் வரை கையகல வாய்க்கால் வெட்டி வைத்திருந்தாள்.

"மழையவே மீட்டர் பாத்துத்தான் பெய்யச் சொல்லுவீங்களாட்டம் இருக்குதும்மா" என்பாள் பெரியவள்.

"மொதல்ல பெய்யட்டும்டி. மீட்டர அப்புறம் பாத்துக்கலாம்."

பில் இறங்கியது. கடைசி வரை ஒரு தவணையும் தவறவில்லை. உறவினர்கள் கல்யாண வீடுகளில் அவளைக் காட்டி மருமகள்களுக்குப் புத்தி சொன்னார்கள். சிக்கனத்தைப் புகழச் செலவில்லை அல்லவா, எல்லோரும் தாராளமாகப் புகழ்ந்தோம்.

ஆனால் அவள் வீட்டு வாசலை மிதித்த யாருக்கும் சொம்பு தளும்பத் தண்ணீர் வராமல் இருந்ததில்லை. பில் கொடுக்க வந்தவருக்கும் வந்தது. "வந்தவங்களுக்குத் தண்ணி குறைச்சா வூட்டுக்கு ஆகாதுங்க" என்பாள். அவள் எப்போது குடித்தாள் என்று நாங்கள் யாரும் பார்க்கவில்லை. சின்னவள் பார்த்திருக்கிறாள். கேட்டும் இருக்கிறாள். "குடிச்சா மெஷினை விட்டு எந்திரிச்சு எந்திரிச்சுப் போகணும். போனா அதுக்கு வேற ஒரு வாளி ஊத்தணுமில்ல கண்ணு?" என்று சிரித்தாளாம்.

முதலில் இடுப்பு வலி. தையல்காரிக்கு இடுப்பு வலிக்காதா என்று தைலம் தேய்த்தாள். பிறகு கால் வீங்கியது. தருமபுரியில் காட்டியபோது, கல் அடைத்து அடைத்து இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டன என்றார்கள். வருடக்கணக்காகத் தண்ணீர் போதாமல் வந்த வினை. இனிமேலோ குடித்தால் உடம்பிலேயே தங்கிவிடுமாம். ஒரு நாளைக்கு ஒரு சொம்புக்கு மேல் கூடாது என்று சொல்லிவிட்டு, டாக்டர் தயங்கினார்.

"கஷ்டமா இருக்கும்மா. தாங்குவீங்களா?"

"பழக்கந்தானுங்க டாக்டர்."

சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பரிந்துரைக் கடிதம், வருமானச் சான்று, சலுகைப் படிவம் எல்லாம் தயார் செய்தேன். ஒரு முத்திரை குறையில்லை. அவள்தான் காத்திருக்கவில்லை.

அன்று குழாயில் தண்ணீர் வரும் நாள் அல்ல. பார்த்துப் பார்த்துப் பிடித்து வைத்திருந்த தெருவில், ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு நிறைகுடம் வந்தது. கொல்லையில் துவைக்கும் கல்லுக்கு அருகே அவளைக் கிடத்திக் குளிப்பாட்டினார்கள். உயிரோடு இருந்தவரை ஒரு வாளிக்கு மேல் ஊற்றிக்கொள்ளாத உடம்பின் மேல் குடம் குடமாக ஊற்றினார்கள். நான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் அவள் வெட்டிய வாய்க்காலைக் கண்டுபிடித்து, யாரும் சொல்லாமலே, முருங்கைக்குப் போனது.

கவனித்துக்கொண்ட டாக்டருக்கும் நர்ஸம்மாக்களுக்கும், மெஷினில் பாதியில் நின்ற துணிகளைக் குறை சொல்லாமல் எடுத்துப்போனவர்களுக்கும், குடம் கொடுத்த தெருவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்தக் குடங்களைத் திருப்பித் தர எந்த நடைமுறையும் எனக்குத் தெரியவில்லை.

வருட திதிக்கு வருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாசலில் சின்னவள் சொம்போடு நிற்பாள். வாங்கி, முழுவதும் குடித்துவிட்டு உள்ளே வாருங்கள். பிறகு அவளையும் ஒரு சொம்பு குடிக்கச் சொல்லுங்கள். அவள் குடிக்கும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.